இசைத்தட்டுக்கும் உரைகல் வேண்டும்

"எந்தத் தட்டாக இருந்தால் என்ன? பாட்டு ஒன்றுதானே?"

அண்மையில் ஓர் ஆய்வரங்கில், திரையிசை பற்றிய கட்டுரை வாசிப்பு முடிந்ததும் எழுந்த வினா இது. கேட்டவர் மூத்த பேராசிரியர். அரங்கம் சிரித்தது, கட்டுரையாளர் மழுப்பினார், அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது. அந்த வினாவுக்கு விடை காணாமல் திரையிசை ஆய்வு என்ற பெயரில் இனி ஒரு பக்கமும் எழுதப்படக் கூடாது என்பது என் துணிபு. ஆகவே இந்த நெடும்பதிவு. நண்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும். மறுப்பு இருப்பின் சான்றோடு மறுக்க வேண்டும்.

பாட்டு ஒன்று என்பது தாளில் எழுதிய வரிகளைப் பொறுத்தவரை உண்மை. ஒலித்த பாட்டைப் பொறுத்தவரை அது பொய். நாம் செவியுறுவது, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட கூடத்தில் நாடாவில் பதிவாகி, ஒலிப்பொறியாளர் ஒருவரால் சமன்செய்யப்பட்டு, ஓர் ஆலையில் அச்சான ஒலியை. அந்த ஒலி கைமாறும் ஒவ்வொரு முறையும் சிறிதேனும் மாறுகிறது. இம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் தாளக்கட்டு, கருவிச்சேர்க்கை, குரலின் நெருக்கம் என்றெல்லாம் எழுதும் ஆய்வு, எந்தச் சுவடியைப் படித்தோம் என்றே அறியாமல் பாடபேதம் பேசுவதற்கு ஒப்பாகும்.

தமிழ்த்துறையினருக்கு இதை விளக்க வேண்டிய நிலை வந்ததே வெட்கத்துக்குரியது. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், ஏடுகள் எவ்வூரிலிருந்து, எவர் வீட்டிலிருந்து கிடைத்தன என்பதை முன்னுரைகளில் பதிவுசெய்தார். வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் தந்தார். சி.வை. தாமோதரம் பிள்ளையும் ஏடு தேடி அலைந்த வரலாற்றைத் தம் பதிப்புரைகளில் எழுதிவைத்தார். மூலம் எது என்று சொல்லாத பதிப்பு பதிப்பே அன்று என்னும் நெறியை நமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். அதே நெறியை இசைத்தட்டின் மறுவெளியீட்டுக்குப் பொருத்தச் சொன்னால் நாம் சிரிக்கிறோம். ஏன்? வெண்பா என்றால் பாடம், பாடல் பதிவு என்றால் பொழுதுபோக்கு என்ற பழைய சாதிப்பாகுபாடு நம் துறைகளில் இன்னும் சாகவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மாற்றம் எங்கே நுழைகிறது என்பதைப் பார்ப்போம். நாடாவிலுள்ள ஒலியை அப்படியே தட்டில் செதுக்க இயலாது. கீழ்க்குரல் அலைகள் அகன்றவை. அவற்றைக் குறைக்காமல் வெட்டினால் பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். ஆகவே வெட்டும்போது கீழ்நாதத்தைக் குறைத்து மேல்நாதத்தைக் கூட்டுவார்கள். கேட்கும் கருவி அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளும். இதற்கான பொது அளவுகோல் 1950-களின் நடுவில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்திய தட்டுகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு அளவுகோல். பழைய தட்டொன்றை இன்றைய அளவுகோலில் ஓட்டிப் படியெடுத்தால், ஒலியின் நிறமே பிறழ்ந்துவிடும்.

அடுத்தது இடநெருக்கடி. 12 அங்குல எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 22 நிமிடம் வரைதான் நன்றாகக் கொள்ளும். அதற்குமேல் திணித்தால் ஒலியின் அளவைத் தாழ்த்த வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என ஒரே சீராகச் சுழன்றாலும், ஊசியின் கீழ் பள்ளம் நகரும் வேகம் சீரானது அன்று. வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாடலில் சகர ஒலிகள் சீறும்; ஜால்ராவின் கூர்மை மழுங்கும். மறுவெளியீட்டில் பாடல் வரிசையை மாற்றினாலோ, ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தாலோ, எந்தப் பாடல் துலங்கும், எது மங்கும் என்பதும் மாறிவிடுகிறது. இதை அறியாத ஆய்வாளர், பாடகரின் உச்சரிப்பு தளர்ந்துவிட்டது என்று எழுதக்கூடும். தளர்ந்தது குரலாக இராமல் பள்ளமாக இருக்கலாம்.

மூன்றாவது வேகம். நாடா 3 விழுக்காடு விரைவாக ஓடினால் நான்கரை நிமிடப் பாடலில் எட்டு நொடி குறையும். சுருதியோ அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடைப்பட்ட தொலைவில் ஏறத்தாழப் பாதி ஏறிவிடும். ஒரு பாடகர் எந்தச் சுருதியில் பாடினார் என்று ஆய்வேட்டில் அட்டவணை போடுகிற நண்பர்கள், தாம் கேட்ட படி எந்த வேகத்தில் ஓடியது என்று ஒரு வரியேனும் எழுதியதுண்டா?

இவையெல்லாம் ஊடகத்தின் இயல்பால் நேரும் மாற்றங்கள். இவற்றுக்கு அப்பால் வேண்டுமென்றே செய்யப்படுபவை உண்டு. இரைச்சலை நீக்குகிறோம் என்று மேல்நாதத்தையும் சேர்த்து வழிப்பது. ஒற்றைத்தடப் பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்குவது. மெல்லிய பகுதிக்கும் வல்லிய பகுதிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை நசுக்கி முழுவதையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்வது. இன்னும் துணிந்தால் புதிதாக டிரம்ஸ் சேர்ப்பது.

ஓராண்டாக 1980-களின் தமிழ்த் திரைப்பட இசைத்தட்டு ஒன்றின் மூன்று வடிவங்களை ஒப்பிட்டு வருகிறேன். ஒன்று அக்காலத்துத் தட்டு, மற்றொன்று பின்னாளில் வந்த குறுந்தகடு, மூன்றாவது கனமான உறையில் உயர்விலைக்கு வந்த புதிய அச்சு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் வழக்கு ஒரு நிறுவனத்தோடு அன்று. டர்ன்டேபிளின் வேகத்தைச் சரிபார்த்து, மூன்றையும் ஒரே உரப்புக்குக் கொணர்ந்து, மாணவர் சிலரை அடையாளம் தெரியாமல் கேட்கவும் செய்தேன். புதிய அச்சு குறுந்தகட்டின் மறுபடி என்றே என் செவிக்கும் கணினித் திரைக்கும் படுகிறது. குறுந்தகட்டில் பாடலின் முடிவு எந்த இடத்தில் அவசரமாக மங்குகிறதோ, அதே இடத்தில்தான் இதிலும் மங்குகிறது. பழைய தட்டிலோ வயலின்கள் இன்னும் சில நொடி தொடர்கின்றன. உறையில் இருப்பது "ரீமாஸ்டர்ட்" என்ற ஒற்றைச் சொல். எதிலிருந்து, எவரால், எந்த ஆண்டில் என்ற வினாக்களுக்கு அதில் விடை இல்லை. எழுதிக் கேட்டேன், மறுமொழி வரவில்லை.

இது நடக்கவே இயலாத காரியம் என்று சொல்வோருக்காக வெளியுலகைக் காட்டுகிறேன். பீட்டில்ஸ் குழுவின் ஸ்டீரியோத் தட்டுகள் 2012-இல் மீண்டும் அச்சானபோது அவை எண்ணிமக் கோப்புகளிலிருந்து வெட்டப்பட்டவை என்பது வெளிப்படையாகவே இருந்தது. 2014-இல் வந்த மோனோத் தட்டுகள், இடையில் கணினி புகாமல் மூலநாடாக்களிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்று அறிவித்து வந்தன. வாங்குபவர் தெரிந்தே தேர்ந்தார். ஆய்வாளர் தெரிந்தே மேற்கோள் காட்டினார். பீட்டில்ஸின் வழிவந்த இசைமரபுக்குப் 'பவர் பாப்' என்று பெயர். 1967-இல் பீட் டவுன்ஷெண்ட் தந்த சொல் அது. அம்மரபில் செவ்வியல் தகுதி பெற்றது பிக் ஸ்டார் குழுவின் 1972 முதல் தொகுப்பு. மெம்ஃபிஸ் நகரின் ஆர்டென்ட் கூடத்தில் பதிவாகி, விநியோகச் சிக்கலால் கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேராமல் விற்பனையில் வீழ்ந்த தட்டு அது. அதன் புகழ் முழுவதும் மறுவெளியீடுகளாலும் அடுத்த தலைமுறை இசைக்கலைஞர்களாலும் வளர்ந்ததுதான். 2020-இல் கிராஃப்ட் நிறுவனம் அதை மீண்டும் கொணர்ந்தபோது, மாஸ்டரிங் செய்த பொறியாளர் ஜெஃப் பவல் என்பதையும், நாடாவிலிருந்து தட்டு வரை எண்ணிமம் கலவாத முறை என்பதையும் அறிவித்தது. தோற்றுப்போன ஒரு பாப் தட்டுக்கு அங்கே கிடைக்கும் மூலக்குறிப்பு, கோடிக்கணக்கானோர் கேட்ட நம் தட்டுகளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அங்கே எல்லாம் நேர்மை என்றும் நான் சொல்லவில்லை. மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம் உயர்விலை மறுவெளியீடுகளால் பெயர்பெற்றது. அதன் தட்டுகள் நாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்றே சேகரிப்பாளர்கள் நம்பினர். பல ஆண்டுகளாக இடையில் எண்ணிமப் படி ஒன்று இருந்துவந்தது என்பது 2022-இல் வெளியாயிற்று. வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தனர், 2.5 கோடி டாலர் அளவிலான உடன்பாட்டில் அது முடிந்தது. இந்நிகழ்ச்சியிலிருந்து பலர் கற்ற பாடம் தவறானது. எண்ணிமம் தீது, நாடா நன்று என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். உண்மையில் அத்தட்டுகளை அதுகாறும் கேட்டு மெய்ம்மறந்தவர்களும் அவர்களே. நாடாவின் தூய்மைக்கு எடுத்துக்காட்டாக அவற்றைப் போற்றியவர்களும் அவர்களே. செவியால் மட்டும் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே அதன் பாடம். ஆகவேதான் மூலத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறேன்.

மறுவெளியீடு வரலாற்றையே மாற்றி எழுத வல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.303, டி.ஆர்.808 ஆகிய கருவிகள் அதில் ஒலித்தன. அது கவனம் பெறாமல் போயிற்று. 2010-இல் பாம்பே கனெக்‌ஷன் என்னும் நெதர்லாந்து வெளியீட்டகம் அதை மீண்டும் அச்சிட்டது. அதே கருவிகளால் 1987-இல் சிகாகோவில் பிறந்ததாகக் கருதப்பட்ட 'ஆசிட் ஹவுஸ்' இசையின் சாயல் ஐந்தாண்டு முன்பே பம்பாயில் இருந்ததே என்று உலகம் வியந்தது. அந்த வியப்பு முழுவதும் ஒரு தேதியின் மீது நிற்கிறது. தட்டிலுள்ள ஒலி 1982-இன் ஒலிதானா என்ற ஐயம் எழுந்தால், அதை நீக்க மூலத்தின் வரலாறு ஒன்றே துணை.

தமிழுக்கு வருவோம். நம் திரையில் பாப் இசைக்குழுவையே கதைக்களமாகக் கொண்ட முதன்மையான படம் 1979-இல் பாலசந்தர் இயக்கிய 'நினைத்தாலே இனிக்கும்'. இசை எம்.எஸ். விசுவநாதன், பாடல்கள் கண்ணதாசன். அதே படம் தெலுங்கிலும் உருவானது. அதன் 'எங்கேயும் எப்போதும்' பாடல் 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் மறுகலவையாக வந்தது. பின்னர் படமே எண்ணிம முறையில் செப்பனிடப்பெற்றுத் திரைக்கு மீண்டது. இவ்வளவு வடிவங்களுக்கு நடுவே '1979-இன் தமிழ்ப் பாப்' என்று கட்டுரை எழுதும் மாணவர், தாம் கேட்டது எது என்று சொல்லியாக வேண்டும். 2007-இன் மறுகலவையைத் திட்டுவோர் பலர். நான் திட்ட மாட்டேன். அது தன்னை மறுகலவை என்று பெயர்சொல்லி அறிவித்துக்கொண்டது. மூலத்தை அது ஏமாற்றவில்லை. பழைய பாடலின் பெயரிலேயே, பழைய உறையின் படத்தோடு, உள்ளே ஒலியை மாற்றிவைத்து விற்பதே ஏமாற்று. அதேபோல, 1978-இன் 'பிரியா' ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான தொடக்கக்காலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. அதன் இடவல ஒலிப்பகிர்வைப் பற்றி எழுத விழைபவர், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு எழுதினால் அது ஆய்வாகுமா?

இனிச் சேகரிப்பாளர் நண்பர்களோடு என் பூசல். "முதல் அச்சுதான் உண்மை, மற்றவை போலி" என்பது அவர்கள் வேதம். அதை ஏற்க இயலாது. முதல் அச்சும் ஒரு படிதான். நூறாவது தடவை ஓடித் தேய்ந்த முதல் அச்சைவிட, நாடாவிலிருந்து கவனமாக எடுத்த இன்றைய அச்சு மூலத்துக்கு நெருக்கமாக இருக்கலாம். அருமையும் விலையும் உண்மைக்குச் சான்றாகா.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று அவர்கள் பேச்சில் உண்டு. அமைதியான அறை, இலட்ச ரூபாய்க் கருவி, தனியொரு மனிதர், நடுநாற்காலி: இதுதான் கேட்டல் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நான் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் அதையடுத்த மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர். அவர்களுள் மிகுதியானோர் தலித்துகள். கர்நாடகத்துக்குள் இருந்த இவ்வூரில் தமிழ்ப் பாட்டு வந்த வழிகள் இலங்கை வானொலியும், தேநீர்க்கடையும், கல்யாணத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கருமே. லைன் வீடுகளின் தகரக் கூரைகளுக்கு மேலே கீழ்நாதம் அறவே இல்லாமல், குரலும் குழலும் மட்டும் முன்னே வந்து நின்ற ஒலி அது. ஒரு தலைமுறையின் இசையறிவு அந்த ஒலியில் உருவாயிற்று. அதுவும் வரலாறு. அதைத் 'தரக்குறைவு' என்று தள்ளுகிறவர், கேட்டவரின் வாழ்வையே தள்ளுகிறார். ஆகவே மறுவெளியீடுகளை ஒப்பிடும் ஆய்வு, தட்டில் என்ன இருந்தது என்பதோடு, அது எதன் வழியே எவர் செவிக்குச் சென்றது என்பதையும் கேட்க வேண்டும். முன்னதை அறியாமல் பின்னதை அறிய முடியாது. தட்டில் கீழ்நாதம் இருந்தது என்று தெரிந்தால்தானே, குழாய் அதைத் தின்றுவிட்டது என்று சொல்ல முடியும்?

இவ்வூர் கற்றுத்தரும் மற்றொன்றும் உண்டு. தங்கத் தொழிலில் மதிப்பீடு இல்லாமல் எதுவும் நகராது. தோண்டிய கல்லின் மாதிரியை ஆய்ந்து, டன்னுக்கு எத்தனை கிராம் பொன் என்று கணித்த பின்னரே மேற்கொண்டு வேலை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. கல்லை அரைத்துச் சயனைடில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, மேடுமேடாக இன்றும் எங்களைச் சூழ்ந்து நிற்கிறது. அம்மேடுகளில் எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்தில் 13 மேடுகளுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்தது. கழிவிலிருந்து எடுத்தாலும் பொன் பொன்தான், அதில் இழிவில்லை. எந்த மேடு, என்ன அளவு என்பதைக் கணக்கில் எழுதாமல் எவரும் எடுப்பதில்லை. இசைத்தட்டுக்கும் இதுவே நெறி. மூலநாடா அழிந்துபோயிருந்தால் பழைய தட்டிலிருந்து படியெடுங்கள். அதுவும் இல்லையெனில் கேசட்டிலிருந்து எடுங்கள். குற்றமே இல்லை. எதிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள் என்பதுதான் கோரிக்கை.

"இது வணிகப் பொருள், எங்கள் உரிமை" என்று நிறுவனங்கள் சொல்லலாம். உரிமை உங்களுடையதே. நகைக்கடைக்காரரின் நகையும் அவர் உரிமைதான். ஆயினும் மாற்று இன்னதென்று முத்திரை இடாமல் விற்க நாம் ஒப்புவதில்லை.

ஆகவே, உறையில் ஆறு வரி கேட்கிறேன். மூலம் எது: முதல் நாடாவா, அதன் படியா, தட்டா, எண்ணிமக் கோப்பா. படியெடுத்த ஆண்டு எது. மாஸ்டரிங் செய்தவர் யார். வேகமும் சுருதியும் திருத்தப்பட்டனவா. இரைச்சல் நீக்கமும் ஒலி நசுக்கலும் எந்த அளவு. புதிதாக எதுவும் சேர்க்கப்பட்டதா. இவ்வளவே.

நம் கடமை இதைவிடக் கூடுதல். 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் பதிவுகளின் முதற்கட்டத்தை மைக்கேல் கின்னியர் தட்டெண் வாரியாகத் தொகுத்து 1994-இல் நூலாக்கினார். அவர் பிறநாட்டவர். தமிழ்த் திரைத்தட்டுகளுக்கு அத்தகைய நம்பகமான விளக்க அட்டவணையை உருவாக்க வேண்டியவர்கள் நாம். கடைசிப் பள்ளத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்த வெட்டிலிருந்து வந்த அச்சு என்பதற்கு அதுவே அடையாளம். இனி திரையிசை பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டிலும் அந்த எண் இடம்பெற வேண்டும். அது இல்லாத ஆய்வேட்டை, ஏட்டின் பெயர் சொல்லாத பதிப்பைத் திருப்பி அனுப்புவதுபோல் நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

வீடு மாற்றும்போதும் பெரியவர் இறக்கும்போதும் தட்டுகள் எடைக்குப் போகின்றன. பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுவதற்குமுன் அவற்றின் எண்ணையும் உறையையும் ஒரு படமாவது எடுத்துவைக்க மாணவர்கள் முன்வரலாம். அதற்கு நிதிநல்கையும் வேண்டா, துறைத்தலைவரின் ஒப்பமும் வேண்டா.